வில்லுப்பாட்டு கேசட்டை டிஜிட்டலாக்க உதவி வேண்டும்: 16 பிட்டா, 24 பிட்டா?

எல்லாருக்கும் வணக்கம். தாராவியில் எங்க பெரியப்பா காலத்தில் கோயில் கொடையில் பாடின வில்லுப்பாட்டு கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன. நாடா கெட்டுப்போவதற்குள் காப்பாற்றியாக வேண்டும்.

ஒரு கடையில் கொடுத்து மாற்றினோம். 8 பிட் கோப்பாகத் தந்தார்கள். அதாவது, ஒலியின் ஏற்ற இறக்கம் முழுவதையும் 256 படிகளுக்குள் அடக்கிவிட்டார்கள். இந்த குவாண்டைசேஷனில் ஒவ்வொரு அளவும் பக்கத்துப் படிக்குத் தள்ளப்படும். அந்த வித்தியாசம்தான் இரைச்சலாகக் கேட்கிறது. உடுக்கைச் சத்தத்தில் அது தெரியவில்லை. பாட்டு முடிந்து குரல் மெல்ல இறங்கும் இடத்தில்தான் கரகரவென்று உடைகிறது. எனக்கு அந்த இடம்தான் முக்கியம்.

ஒரு பிட் கூடினால் ஏறத்தாழ 6 டெசிபல் இரைச்சல் குறையும் என்பது தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். கேசட்டின் சொந்த இரைச்சலுக்கு அதுவே தாராளம். ஆனால் உடுக்கை திடீரென்று எகிறும்போது ஒலி வெட்டுப்படாமல் இருக்க, அளவைத் தாழ்த்தித்தான் பதிய வேண்டும். அதற்கு 24 பிட் நல்லது என்று நினைக்கிறேன். சரிதானா?

அப்புறம், கடைசியில் 16 பிட்டாகக் குறைக்கும்போது டிதர் (வேண்டுமென்றே கலக்கும் மெல்லிய இரைச்சல்) சேர்க்கணுமா? இல்லை, நாடாவின் இரைச்சலே அந்த வேலையைச் செய்துவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மாதுங்கா, சயான் பக்கம் யாரிடமாவது நல்ல கேசட் டெக் இருந்தால், கேசட்டோடு நானே வந்துவிடுகிறேன்.