பூம்புகார் – தரங்கம்பாடி: கரையோரமாகவே நடக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். தை கடைசியில் எட்டுப் பேர் பூம்புகார் பக்கமிருந்து தரங்கம்பாடிக்குக் கரையோரமாகவே நடக்கலாம் என்றிருக்கிறோம். பழைய துறைமுகம், செடிகொடி, மீனவர் பேச்சுச் சொற்கள் மூன்றையும் குறித்துக்கொள்ள ஆசை. ஒரே நாளில் முடியுமா? எங்கே சிக்கல் வரும்?

மறுமொழி 1:
முடியும். திசையும் சரி. தையில் வாடை (வடகாற்று) முதுகில் அடிக்கும், தெற்கே நடப்பது சுலபம். பங்குனிக்குமேல் சோழகம் (தென்காற்று) எழுந்துவிடும். அப்போது தரங்கம்பாடியில் தொடங்குங்கள்.

பூம்புகாரை முதல்நாளே வண்டியில் பார்த்துவிடுங்கள். கீழையூரில் 1960களின் அகழாய்வில் கிடைத்த செங்கல் படகுத்துறை கடலோரத்தில் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. பல்லவனேச்சுரத்துப் புத்த விகாரையையும் விடாதீர்கள்.

மறுநாள் விடிய 5.45க்கு பூம்புகாரை அடுத்த மீனவர் ஊரான வானகிரியில் இறங்கினால் தரங்கம்பாடிக்கு சுமார் 11 கி.மீ. ஈரமணலில் மணிக்கு 3 கி.மீ. தாராளம். நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் வேண்டும்.

சிக்கல் இரண்டு இடத்தில். ஒன்று, ஆற்று முகங்கள். கோடையில் மணல் மூடிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப்பின் திறந்திருக்கும், தையிலும் ஆழம் இருக்கலாம். முழங்காலுக்குமேல் நீர் என்றால் இறங்காதீர்கள், சாலைப் பாலத்துக்குச் சுற்றுங்கள். மற்றது, தூண்டில் வளைவும் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) கருங்கல் கொட்டிய கரையும். இந்தக் கடலில் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கே நகர்வதுதான் அதிகம். அதனால் வளைவுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிபடும். வடக்கிலிருந்து வரும் உங்களுக்கு அரிப்புதான் முதலில் எதிர்ப்படும். பாசி பிடித்த கல்மேல் ஏற வேண்டாம், ஊர்த்தெரு வழியே போங்கள்.

மறுமொழி 2:
செருப்பு கட்டாயம். கடற்கரை மணலில் வளரும் ராவணன் மீசைப் புல்லின் இலைநுனி ஊசிபோல் இறங்கும். அதன் காய்ந்த முள்ளுருண்டை காற்றில் உருண்டு நடைபாதைக்கே வரும். ஊதாப்பூ அடம்பு படர்ந்த மேட்டை மிதிக்காதீர்கள், மணலைப் பிடித்து வைப்பதே அந்தக் கொடிதான். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிடும் காலம். கரையேறிய தடம் கண்டால் தோண்டாதீர்கள், இருட்டில் டார்ச் அடிக்காதீர்கள்.

மறுமொழி 3:
சொல் சேகரிக்க வலை பின்னும் கொட்டகைதான் இடம். விரித்த வலையை மிதித்தால் பேச்சு அதோடு முடிந்தது. "இது என்ன காத்துங்க அண்ணே?" என்று தொடங்குங்கள். வடக்கு வாடை, தெற்கு சோழகம், மேற்கு கச்சான், கிழக்கு கொண்டல், நீரோட்டத்துக்கு நீவாடு. சொல்லோடு ஊர்ப்பெயரையும் மாதத்தையும் எழுதாவிட்டால் பட்டியலால் பயனில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். இன்னொரு முறை வருவதென்றால் ஆற அமரப் பேச அதுவே ஏற்றது.

தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டேனியர் கோட்டை, 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கரை, கடல் முன்பாகத்தைத் தின்ற மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் பக்கத்திலேயே. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, நாளைப் பார்த்து வையுங்கள்.