கொக்குக்குப் பக்கத்திலை நாரை: பதியாத எண்ணெய்ப் பெயரைக் காப்பாற்றலாமோ?

செக்கடி (கிளிநொச்சி):
நல்லெண்ணெய் ஆட்டிப் போத்தலிலை விக்கிறம். பெயர் 'வன்னி' எண்டு தொடங்கும், பின்சொல்லை இஞ்சை போடேல்லை. பச்சை லேபல், சிவப்புக் கரை, நடுவிலை செக்கு உலக்கையிலை நிக்கிற கொக்கு, மஞ்சள் மூடி. சனம் கடையிலை "கொக்கெண்ணெய்" எண்டுதான் கேக்கும். அப்பா முள்ளியவளையிலை இதே பெயரிலை, இதே கொக்கோடை வித்தவர். 2008 இடப்பெயர்வோடை நிண்டு, 2013இலை கிளிநொச்சியிலை திரும்பத் தொடங்கினது.

இப்ப இன்னொருத்தர் 'வன்னி'யோடை வேறை சொல்லுச் சேர்த்து, அதே பச்சை, அதே கரை, செக்கிலை நாரை, மஞ்சள் மூடி எண்டு இறக்கியிருக்கிறார். பரந்தன், புதுக்குடியிருப்புக் கடைகளிலை ரெண்டும் ஒரே தட்டிலை நிக்குது. எங்களிட்டைப் பிரதேச செயலகத்து வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும்தான் இருக்கு. அது காணுமோ? பொலிசுக்குப் போகலாமோ? அவர் கொழும்பிலை வியாபாரக் குறிப் (trademark) பதிவுக்கு விண்ணப்பம் போட்டிட்டார் எண்டும் கதை.

சட்டப்படலை:
வியாபாரப் பெயர்ப் பதிவு, இந்தப் பெயரில் தொழில் செய்கிறவர் யார் என்று அரசாங்கத்துக்குச் சொல்கிற பதிவு. அந்தச் சான்றிதழைக் காட்டி மற்றவரின் போத்தலைத் தட்டிலிருந்து இறக்க முடியாது. ஆனால் இன்ன திகதியில் நீங்கள் இந்தப் பெயரில் இருந்தீர்கள் என்பதற்கு நல்ல சாட்சி. பொலிசில் முதலில் கேட்பது வியாபாரக் குறிப் பதிவுச் சான்றிதழ். அது இல்லாமல் போனால் "சிவில் வழக்குப் போடுங்கோ" என்று திருப்பிவிடுவார்கள்.

உங்கள் கையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, நேர்மையற்ற போட்டி. இன்னொருவரின் பொருளோடு குழப்பம் உண்டாக்குகிற, அல்லது உண்டாக்கக்கூடிய செயல் அதற்குள் வரும். குறி பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. தன் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி விற்கிறதைத் தடுக்கும் பழைய ஆங்கிலச் சட்டத்தின் மூன்று படிகளும் இங்கே உதவும்: உங்கள் பொருளுக்குச் சனத்திடம் நன்மதிப்பு உண்டு, அவர் தன்னுடையதை உங்களுடையது போலக் காட்டுகிறார், அதனால் உங்களுக்கு நட்டம் வருகிறது அல்லது வரும். அவர் வேண்டுமென்று செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. 'வன்னி' என்ற சொல் உங்களுடையது இல்லை. அது இடப்பெயர், இங்கே எண்ணெய் ஆட்டுகிற எவரும் போடலாம். பொதுச் சொல்லைப் பெயராக எடுத்தவர், மற்றவர் காட்டும் சிறு வேறுபாட்டையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது 1946இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை ஒபிஸ் கிளீனிங் வழக்கில் சொன்னது. செக்குப் படமும் எண்ணெய்த் தொழிலுக்கே பொது. மஞ்சள் மூடியைத் தனியே பிடித்துக்கொண்டு போனால் கதை முடிந்தது, சந்தையிலுள்ள மூடிகளில் பாதி மஞ்சள்.

ஆகவே பெயரை முன்னுக்கு வைக்காதீர்கள், தோற்றத்தை வையுங்கள். பச்சை, சிவப்புக் கரை, உலக்கையில் பறவை, மூடி எல்லாம் ஒரே போத்தலில் ஒரே ஒழுங்கில் வருகிறது என்பதுதான் உங்கள் வழக்கு. எலுமிச்சைப் பழ வடிவப் பிளாஸ்ரிக் போத்தலுக்காக 1990இல் இங்கிலாந்தில் வென்ற ஜிஃப் வழக்கு இதற்குக் கிட்ட நிற்கும். ரெண்டு போத்தலையும் பக்கத்தில் வைத்துக் கொக்கா நாரையா என்று பார்க்கிற ஆள் கணக்கில்லை. போன மாதம் வாங்கியதை அரைகுறை ஞாபகத்தில் தேடுகிற ஆளின் கண்தான் அளவுகோல். வாய்ச்சொல்லில் "கொக்கெண்ணெய்" என்று நிலைத்திருப்பது உங்கள் அதிட்டம், அதை விடாதீர்கள்.

வழக்குக் கிளிநொச்சியில் நடக்காது. இந்தச் சட்டத்தின் கீழான வழக்குகளை விசாரிக்க அதிகாரமளித்த மேல் நீதிமன்றம் வட மாகாணத்தில் இல்லாதபடியால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம்தான். போக்குவரத்து, தங்கல், சட்டத்தரணி எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அதனால் முதலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். லேபல் மாற்றத் திகதி, கடைகளில் உள்ள சரக்கை மீட்பது, இனி இந்தத் தோற்றத்தில் அச்சடிப்பதில்லை என்ற எழுத்து உறுதி ஆகிய மூன்றையும் அதில் கேளுங்கள். நட்டஈட்டுத் தொகையைப் பெரிதாகப் போட்டால் எதிராளி பேச வரமாட்டார்.

வவுனியா விநியோகம்:
அண்ணை சட்டத்தைச் சொல்லிப்போட்டார். நான் பேப்பரைச் சொல்லுறன், பலர் விழுறது அங்கைதான்.

முதல் வேலை, அவற்றை போத்தலைக் கடையிலை காசு குடுத்து வாங்குங்கோ. கடைப் பெயரும் திகதியும் உள்ள பற்றுச்சீட்டோடை. பில் போடாத கடையெண்டால் வேறை கடைக்குப் போங்கோ. வாங்கின போத்தலைத் திறக்காமல், லேபலைத் தொடாமல், பையிலை கட்டித் திகதி எழுதி வையுங்கோ. ரெண்டு போத்தலும் ஒரே தட்டிலை நிக்கிற படத்தைக் கைபேசியிலை எடுத்தால் மூலக் கோப்பை அழிக்காதேங்கோ. வைபரிலை அனுப்பின பிரதியிலை திகதி விபரம் போயிடும்.

பிறகு 2013இலை இருந்து வருஷ வாரியாக: அச்சகத்து லேபல் பில், போத்தல் வாங்கின பில், கடைகளுக்குக் குடுத்த விநியோகப் புத்தகம், வங்கிக் கூற்று. லேபல் மாறின ஒவ்வொரு தரமும் ஒரு மாதிரி வேணும். அச்சகத்திலை பழைய கோப்பு இருந்தால் உடனை கேளுங்கோ, கணினி மாத்தினால் போச்சு. கொக்குப் படம் கீறின ஆளிட்டை, உரிமை உங்களுக்கு எண்டு ஒரு கடிதமும் வாங்கி வையுங்கோ. படத்துக்குத் தனியாகப் பதிப்புரிமை இருக்கு, அதுக்குப் பதிவும் தேவையில்லை.

குழப்பத்துக்குச் சாட்சி எண்டால் கடைக்காரர்தான். "உங்கடை எண்ணெய் இந்த முறை கசக்குது" எண்டு நாரைப் போத்தலைத் திருப்பிக் கொண்டந்த ஆளைப் பற்றின ஒரு கடைக்காரரின் சத்தியக் கடதாசி, "நல்ல பெயருள்ள எண்ணெய்" எண்டு எழுதின பத்துக் கடிதத்தை விடப் பெறுமதி. ஆனால் வசனத்தை நீங்கள் எழுதி எல்லாரிட்டையும் ஒரே மாதிரிக் கையெழுத்து வாங்கினால் குறுக்கு விசாரணையிலை கிழிஞ்சிடும். ஆள் தன்ரை சொல்லிலை சொல்லட்டும்.

செக்கடி (கிளிநொச்சி):
2013க்குப் பிறகு எல்லாம் இருக்கு. அப்பா காலத்துத் துண்டு ஒண்டும் இல்லை, புதுமாத்தளன் பக்கம் போனதோடை எல்லாம் போச்சு. அந்தக் காலத்தைக் கணக்கிலை எடுக்கேலாதோ? மற்றது, முகநூலிலை ரெண்டு போத்தலையும் போட்டுக் "கள்ளச் சரக்கு" எண்டு எழுதச் சொல்லுறான் தம்பி.

சட்டப்படலை:
தம்பியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அதே 160ஆம் பிரிவு, இன்னொருவரின் பொருளைப் பொய்யாகவோ நியாயமில்லாமலோ இழிவுபடுத்துவதையும் நேர்மையற்ற போட்டி என்கிறது. அவர் எண்ணெய் நல்ல எண்ணெயாகவே இருக்கலாம், குற்றம் லேபலில். "எங்கள் எண்ணெய் கொக்குப் படத்தோடு மட்டும் வரும், லேபலைப் பார்த்து வாங்குங்கோ" என்று உங்கள் போத்தல் படத்தை மட்டும் போடுங்கள்.

அப்பா காலம் பற்றியது வன்னியில் பல கடைகளுக்கு உள்ள சிக்கல். விற்பனை நின்றதோடு நன்மதிப்பும் செத்தது என்று சட்டம் பார்ப்பதில்லை. லண்டனில் அட்-லிப் என்ற இரவு விடுதி, சத்தம் பற்றிய முறைப்பாட்டால் 1966இல் மூடப்பட்டது. சில வருடங்கள் கழித்து இன்னொருவர் அதே பெயரில் திறக்கப் போனபோது, சனத்தின் ஞாபகத்தில் பெயர் இன்னும் இருக்கிறது, திரும்பத் தொடங்கும் எண்ணத்தை உரிமையாளர் கைவிடவில்லை என்று நீதிமன்றம் தடுத்தது. ஆங்கிலத் தீர்ப்பு இங்குள்ள நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக் காட்டலாம். உங்கள் நிலை அதைவிடப் பலம். விரும்பி மூடவில்லை, திரும்பி வந்ததும் அதே கொக்கோடு தொடங்கினீர்கள்.

பேப்பருக்குப் பதில் ஆட்கள். அந்தக் காலம் அப்பாவிடம் எண்ணெய் எடுத்த முள்ளியவளை, ஒட்டுசுட்டான் கடைக்காரர், எள்ளுக் கொடுத்த கமக்காரர், லேபல் அடித்த அச்சகத்து ஆள். எந்தச் சந்தியில், எந்த அளவுப் போத்தலில், என்ன படத்தோடு என்று விபரமாகச் சொல்கிற சத்தியக் கடதாசி வேண்டும். வெளிநாட்டிலுள்ள சொந்தக்காரர் வீட்டுப் பழைய அல்பத்தில் கடைப் பலகை தெரிகிற கலியாணப் படம் கிடக்கலாம், கேட்டுப் பாருங்கள். இதையெல்லாம் துணையாக வையுங்கள். அத்திவாரம் 2013.

தாமதம் வேண்டாம். தெரிந்தும் நெடுநாள் சும்மா இருந்தவருக்கு இடைக்காலத் தடையுத்தரவு கிடைப்பது கடினம்.

குறிப்பதிவு:
விண்ணப்பக் கதையை முதலில் உறுதிப்படுத்துங்கள். கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடுதல் செய்விக்கலாம். குறிகளைப் பொருள் வகுப்பு வாரியாகத்தான் பதிவார்கள், சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு. மிளகாய்த்தூள், அரிசி என்று பிறகு இறங்கினால் அது 30, அதற்கு வேறு விண்ணப்பம்.

அவர் முந்திக்கொண்டதால் எல்லாம் முடியவில்லை. அதே புலமைச் சொத்துச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி, இலங்கையில் இன்னொருவர் முன்பே பாவிக்கிற பதியாத குறியைப் போன்ற குறி, அது பாவனையில் இருப்பது விண்ணப்பதாரருக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரியாமல் இருந்திருக்க நியாயமில்லை என்றால், பதிவுக்கு ஏற்கப்படாது. ஒரே தட்டில் விற்கிற ஆள் தெரியாது என்று சொல்ல முடியாது. விண்ணப்பம் வர்த்தமானியில் வந்த திகதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்ப்பைப் போட வேண்டும். வர்த்தமானியைப் பார்க்க ஒரு ஆளை வையுங்கள், அந்த மூன்று மாதம் போனால் வேலை பல மடங்கு.

கூடவே உங்கள் சொந்த விண்ணப்பத்தையும் இப்பவே போடுங்கள். 'வன்னி' என்ற எழுத்தை மட்டும் கொண்டுபோனால் இடப்பெயர் என்று 103ஆம் பிரிவு தடுக்கும். உலக்கையில் நிற்கிற கொக்கை ஒரு குறியாகவும், முழு லேபலை இன்னொன்றாகவும் போடுவது நல்லது, கொக்கு மட்டும் பதிந்தால் நாளைக்கு லேபல் நிறத்தை மாற்றினாலும் பாதுகாப்பு நிற்கும். தமிழ் எழுத்துக்கு ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிந்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கைக்கு வரும்வரை வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தை லேபலில் அடிக்காதீர்கள். பதியாததைப் பதிந்ததாகக் காட்டுவது தனிக் குற்றம், எதிராளியின் சட்டத்தரணி முதலில் தூக்கிக் காட்டுவதும் அதைத்தான்.