மாட்டுக்கு டிபி சந்தேகம்: இன்டர்ஃபெரான் காமா இரத்தப் பரிசோதனை எங்கே செய்கிறார்கள்?

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து. தை மாதத்திலிருந்து விடாத வறட்டு இருமல். தீவனம் ஓரளவு தின்கிறது, ஆனாலும் விலா எலும்பு தெரிய இளைத்துவிட்டது, பாலும் பாதியாகிவிட்டது. குடற்புழு மருந்து கொடுத்தாச்சு, ஆன்டிபயாடிக் ஊசியும் போட்டாச்சு. பலனில்லை.

அப்புறம் டாக்டர் கழுத்தில் டியூபர்குலின் ஊசி (டிபி இருக்கிறதா என்று பார்க்கும் ஊசி) போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தோலை அளந்தார். தடிமன் 3 மி.மீ. கூடியிருந்தது. 4 வந்தால் பாசிட்டிவ். 2க்கும் 4க்கும் நடுவில் என்றால் சந்தேகக் கணக்காம். மறுபடி போட 42 நாள் இடைவெளி விட வேண்டும். சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரில் கிருமி தெரியவில்லை, ஆனால் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் என்றால் வாரக்கணக்கில் ஆகும். மாட்டைத் தனியாகக் கட்டி, பாலைக் கொட்டிவிடுகிறோம். காங்கேயம் கிடாரிகளை நினைத்தால்தான் பயம்.

இன்டர்ஃபெரான் காமா இரத்தப் பரிசோதனை (டிபி கிருமிக்கு எதிராக இரத்த அணுக்கள் சுரக்கும் புரதத்தை அளப்பது) செய்தால் தெளிவு கிடைக்கும் என்கிறார் டாக்டர். ஹெப்பரின் குழாயில் (இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தடவியது) எடுத்த இரத்தம், ஐஸில் வைக்காமல், ஒரு நாளுக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். நாமக்கல், ஈரோடு, கோவை வட்டாரத்தில் விவசாயி கொண்டுபோகும் மாதிரிக்கு இந்தப் பரிசோதனை செய்து தரும் லேப் எது?