ஜிஎம்சி சிசிகேடபிள்யூ, 6 வோல்ட்: டைனமோ சுற்றுகிறது, சார்ஜ் ஏறவில்லை

பத்துசக்கரம்:
வண்டி 1943 ஜிஎம்சி சிசிகேடபிள்யூ, இரண்டரை டன் ராணுவ லாரி. மின்சாரம் அசல்படியே 6 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் வண்டியின் உடம்போடு சேர்ந்தது). டெல்கோ-ரெமி டைனமோ, மூன்று காயில் உள்ள கட்டவுட் பெட்டி (டைனமோவைப் பேட்டரியோடு சேர்ப்பதும் பிரிப்பதும், வோல்ட்டைக் கட்டுப்படுத்துவதும் இதுதான்). சேஸி, எஞ்சின் அறை எல்லாம் சுரண்டி முழுக்கப் பெயின்ட் அடித்தாயிற்று, வயரிங்கும் புதிது. டைனமோவுக்குப் புது பேரிங், புது கார்பன் (பிரஷ்). கட்டவுட்டும் புதிது.

எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கம் லேசாகச் சாய்ந்தே நிற்கிறது. அளந்தது: எஞ்சின் நின்றிருக்கும்போது பேட்டரி 6.3 வோல்ட். 1500 சுற்றில் பேட்டரியில் 6.1, கட்டவுட்டின் டைனமோ முனையில் வெறும் 1.1. பெல்ட் நழுவவில்லை. டைனமோவை மறுபடி இறக்குவதா, கட்டவுட்டைத் திருப்பி அனுப்புவதா?

டைனமோபிரியன்:
இரண்டையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த 1.1 வோல்ட் என்பது இரும்பில் மிச்சமிருக்கும் காந்தத்தால் மட்டும் வருவது. அதாவது ஆர்மேச்சரும் (உள்ளே சுற்றும் பகுதி) கார்பனும் வேலை செய்கின்றன, ஃபீல்டு காயிலுக்குள் (காந்தத்தை உண்டாக்கும் காயில்) கரன்ட் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதை ஒரே சோதனை சொல்லிவிடும்.

டெல்கோவில் ஃபீல்டின் ஒரு முனை டைனமோவுக்குள்ளேயே எர்த் இல்லாத கார்பனோடு சேர்ந்திருக்கும். மறு முனை வெளியே வந்து, கட்டவுட்டுக்குள் உள்ள பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வழியாக எர்த்துக்குப் போகும். ஆகவே கட்டவுட்டிலிருந்து ஃபீல்டு வயரை மட்டும் கழற்றி, எஞ்சின் நிதானமாக ஓடும்போது அதை டைனமோவின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். மல்டிமீட்டர் டைனமோ முனையில் இருக்கட்டும், ஒரு கண் ஆம்ப் மீட்டரில். கட்டுப்படுத்த எதுவும் இல்லாமல் வோல்ட் ஏறும் என்பதால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

வோல்ட் ஏறினால் டைனமோ நல்லது. ஏறாவிட்டால் ஃபீல்டு காயில் அறுந்திருக்கலாம், அல்லது ஃபீல்டு முனைக்கும் காயிலுக்கும் இடையே ஒட்டு விட்டிருக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா டைனமோவும் இப்படி இல்லை. சிலவற்றில் ஃபீல்டின் உள்முனை எர்த் ஆகியிருக்கும், கட்டவுட் பக்கமிருந்து பிளஸ் வரும். அந்த வகையில் ஃபீல்டு முனையை எர்த்தில் தொட்டால் வோல்ட் ஏறாது. வயர் கட்டவுட்டில் மாட்டியிருந்தால் பாயின்ட்டும் கருகும். எந்த வகை என்று சந்தேகமிருந்தால் மூடியைத் திறந்து ஃபீல்டின் உள்முனை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

செப்புக்கம்பி:
மேலே சொன்ன சோதனையில் வோல்ட் ஏறவே இல்லை, மிச்சக் காந்தமும் அரை வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டது என்றால் போலரைஸ் செய்ய வேண்டும், அதாவது பேட்டரி கரன்ட்டால் காந்தத்தைச் சரியான துருவத்தில் ஏற்ற வேண்டும். எஞ்சின் நின்றிருக்க, கட்டவுட்டின் பேட்டரி முனையையும் டைனமோ முனையையும் ஒரு வயரால் கணநேரம் இணைத்து எடுத்தால் போதும். பொறி பறக்கும், அவ்வளவுதான். ஓவர்ஹாலுக்குப் பின் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். டைனமோ தலைகீழ் துருவத்தில் எழும்பிவிட்டால் அதன் வோல்ட்டும் பேட்டரி வோல்ட்டும் கூடி, கட்டவுட் பாயின்ட்டுக்கு இடையே 13 வோல்ட் வரை நிற்கும். பாயின்ட் ஒட்டிக்கொள்ள அது போதும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பத்துசக்கரம்:
சோதனை செய்தேன். ஃபீல்டு வயரை டைனமோ உடம்பில் தொட்டதும் மீட்டர் 10 வோல்ட்டைத் தாண்டிப் பாய்ந்தது, உடனே எடுத்துவிட்டேன். ஆனால் ஆம்ப் மீட்டர் முள் அசையவே இல்லை. அப்படியானால் கட்டவுட்தானே கெட்டது?

டைனமோபிரியன்:
முள் அசையவில்லை என்பதுதான் இங்கே முக்கியமான தடயம். நல்ல கட்டவுட் ஆறரை வோல்ட் வாக்கில் பாயின்ட்டை மூடி, டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துவிடும். உங்களுடையது 10 வோல்ட்டிலும் மூடவில்லை. முன்பு ஃபீல்டுக்கும் வழி கொடுக்கவில்லை. ஒரு பெட்டிக்குள் தனித்தனியாக இருக்கும் இரண்டு உறுப்பு ஒரே நாளில் கெடுவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: பெட்டியின் அடித்தகடு. மூடும் காயிலும் அந்தத் தகடு வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது, ஃபீல்டும் அப்படியே. தகடு உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் இரண்டும் சேர்ந்தே செத்துப்போகும்.

உறுதி செய்ய, எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு கம்பியை அடித்தகட்டிலும் மற்றதை டைனமோ உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். டைனமோ முனையில் வரும் அதே 1.1 ஏறக்குறைய அப்படியே இங்கும் வந்தால், தகட்டுக்கு எர்த் இல்லவே இல்லை.

அந்தக் காலத்து ராணுவ வண்டிகளில் ரேடியோ இரைச்சலை அடக்க, உறுப்புகளுக்கு நடுவே பின்னல் பட்டைகளும் பல் வைத்த வாஷர்களும் போட்டிருப்பார்கள். புதுப்பிக்கும்போது "ரேடியோதான் இல்லையே" என்று பலர் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அவை எர்த் பாதையாகவும் இருந்தன. தயவுசெய்து திரும்பப் போடுங்கள்.

பத்துசக்கரம்:
தகட்டில் 1.0 வோல்ட் வந்தது! போல்ட் துளையைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, தகட்டிலிருந்து டைனமோ உடம்புக்கு ஒரு வயரும் இழுத்தேன். சார்ஜ் ஏறுகிறது. ஆனால் இப்போது பேட்டரி நிறைந்த பின்னும் 7.9 வோல்ட்டில் நிற்கிறது, பேட்டரி கொதிப்பது போலக் குமிழி விடுகிறது. கட்டவுட்டில் வோல்ட் காயிலின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வோல்ட்டைக் குறைக்கலாமா?

செப்புக்கம்பி:
ஸ்பிரிங்கைத் தொடும் முன் தகட்டுக்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மறுபடி அளந்து பாருங்கள். எர்த் முழுதாக விட்டால் சார்ஜே வராது. அரைகுறையாக இருந்தால் வோல்ட் கூடிப்போகும். காரணம் இதுதான்: வோல்ட்டை அளக்கும் காயில் டைனமோ முனைக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. தகடு எர்த்திலிருந்து அரை வோல்ட் தூக்கி நின்றால், காயிலுக்கு 7.4 தெரியும்போது வெளியே 7.9 ஆகிவிடும்.

இழுத்த வயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. லக்கை (கம்பி முனையில் போடும் உலோகக் காது) நன்றாக அழுத்தி, ஈயம் பற்ற வைத்து மாட்டுங்கள். புது வயரிங்கில் மற்றொன்றையும் பாருங்கள். 12 வோல்ட் வண்டிக்கான தடிமனில் கம்பி வாங்கியிருந்தால் இங்கே உதவாது. அதே வாட்டுக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு ஆம்ப் ஓடும், இழக்கக்கூடிய வோல்ட்டோ பாதிதான். ஆக நான்கு மடங்கு குறுக்களவு வேண்டும். கட்டவுட்டிலிருந்து ஆம்ப் மீட்டர் வழியாகப் பேட்டரிக்குப் போகும் கம்பி 10 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

அதற்குப் பின்னும் வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் ஸ்பிரிங். மூடியை மாட்டி, கால் மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் அளக்க வேண்டும். குளிரில் எடுத்த அளவு ஏமாற்றும். பேட்டரி முனைக் கம்பியில் கால் ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டால் பேட்டரி நிறைந்ததா இல்லையா என்பது அளவைக் கெடுக்காது. 7.2 முதல் 7.4 வரை சரி. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் மூடியைப் போட்டு, கட்டவுட் பாயின்ட் திறக்கும் வரை எஞ்சினைத் தணித்து, மறுபடி ஏற்றிப் பாருங்கள். பாயின்ட்டைத் துடைக்க நேர்ந்தால் மெல்லிய அரம் மட்டும். உப்புத்தாளும் எமரியும் வேண்டாம், துகள் பாயின்ட்டில் பதிந்துவிடும்.

பத்துசக்கரம்:
தகட்டில் 0.5 வோல்ட் இருந்தது. லக் சரியாக அழுந்தவில்லை. தடித்த கம்பியில் புது லக் போட்டதும் 0.04. சூடான பின் பேட்டரியில் 7.3, ஸ்பிரிங்கைத் தொடவே இல்லை. ஐடிலில் மட்டும் முள் மைனஸ் பக்கம் போகிறது. இன்னொன்று, கழற்றி வைத்த, ரேடியோ இரைச்சலை அடக்கும் கன்டென்சர் ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கே மாட்டுவது?

டைனமோபிரியன்:
ஐடிலில் மைனஸ் காட்டுவது டைனமோவுக்கு இயல்பு. அந்த வேகத்தில் கட்டவுட் பாயின்ட் திறந்துவிடும். கன்டென்சர் டைனமோவின் ஆர்மேச்சர் முனையில் வரலாம். மாட்டும் முன் அது உள்ளுக்குள் எர்த் அடிக்கவில்லை என்று ஓம் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீல்டு முனையில் மட்டும் ஒருபோதும் மாட்டாதீர்கள். அங்கே மாட்டினால் வோல்ட் பாயின்ட் சீக்கிரமே கருகி, பழையபடி சார்ஜ் இல்லாமல் போகும்.