சமையல் மேடைக்குப் பின்சுவர்: டைல்ஸ் சரி, மூட்டு?

கடையில் நிறத்துக்கு மூன்று மணி நேரம் நிற்பவர்கள், டைல்ஸுக்கு நடுவில் வரும் மூட்டை மட்டும் மேஸ்திரி கையில் விட்டுவிடுகிறார்கள். பளபளப்பான டைல்ஸில் மஞ்சள் ஒட்டாது, துடைத்தால் போய்விடும். வெள்ளை சிமெண்ட் அடைத்த மூட்டில்தான் சாம்பார் தெறித்தது ஊறும். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிற அதே கதைதான். பயந்துபோய் ஆசிட் ஊற்றினால் சிவப்பு மறையும், கூடவே மூட்டு சிமெண்டும் கரைந்து பள்ளம் விழும். அப்புறம் அந்தப் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு.

அடுப்புக்குப் பின்னாலாவது மூட்டை அடைக்க எபாக்சி க்ரௌட் போடுங்கள். பிசின், கெட்டியாக்கி, பொடி மூன்றையும் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவிலேயே கலக்க வேண்டும். கண்மதிப்பில் ஊற்றினால் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். மே மாத வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். டைல்ஸ் மேல் படிந்ததை ஈர ஸ்பாஞ்சால் அப்போதைக்கப்போது துடைக்காவிட்டால் மங்கல் படலம் நிற்கும். பளபளப்பில்லாத மேட் டைல்ஸில் அது போகவே போகாது.

காசு இடித்தால் சாதாரண சிமெண்ட் க்ரௌட்டே போதும், சாம்பல் நிறத்தில். வெள்ளை மட்டும் வேண்டாம். "மூட்டே தெரியாம ஒட்டுங்க" என்று கேட்காதீர்கள். டைல்ஸுக்கு நடுவில் 2 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளித் துண்டு) வைத்தால்தான் க்ரௌட் உள்ளே இறங்கும்.

*

மூட்டு சரி, அளவிலும் ஒரு பிழை அடிக்கடி வருகிறது. 10 அடி மேடை, கப்போர்டு அடி வரை 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி. 1க்கு 2 அடி டைல்ஸ் 10, வெட்டுக்கும் உடைசலுக்கும் 2. ஆனால் அடுப்புக்கு நேர் மேலே கப்போர்டு இல்லை, சிம்னிதான். அடுப்பிலிருந்து இரண்டரை அடி விட்டுத்தான் அதை மாட்டுவார்கள், அடுப்பின் உயரமும் சேர்ந்தால் மேடையிலிருந்து ஏறக்குறைய 3 அடி. 2 அடியோடு நிறுத்தினால் எண்ணெய்ப் புகை அடிக்கிற இடத்தில் ஓரடிக்கு வெறும் பெயிண்ட் சுவர்! அங்கே மட்டும் டைல்ஸை சிம்னி அடிக்குள் ஏற்றிவிடுங்கள்.

பெட்டிகளில் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். இரண்டு டைல்ஸ் பரணில் கிடக்கட்டும்.

சுவிட்ச் பாக்ஸை எலக்ட்ரீஷியன் பூச்சு மட்டத்துக்கே வைத்துவிட்டுப் போய்விடுவார். டைல்ஸ் 8 மி.மீ., பசை 3 மி.மீ. என்றால் பாக்ஸ் 11 மி.மீ. உள்ளே போய்விடும், பிளேட் ஸ்க்ரூ எட்டாது. ஒட்டுவதற்கு முன்பே பாக்ஸை முன்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

*

ஒட்டுகிற முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிமெண்டில் பதிக்கிற செராமிக் டைல்ஸைக் குமிழி வருவது நிற்கும்வரை தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் சிமெண்டில் இருக்கிற ஈரத்தை அது உறிஞ்சிவிடும். பசையில் ஒட்டுவதை ஊறப்போடக் கூடாது. பழக்கதோஷத்தில் இரண்டையும் ஒரே டிரம்மில் போடுவது நடக்கிறது. விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரே குடிக்காது, அதனால் அதைச் சிமெண்ட் பிடிக்காது. பசைதான்.

நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று அப்பி ஒட்ட விடாதீர்கள். பல் கரண்டியால் முழுக்க இழுத்து ஒட்டினால்தான் பின்னால் வெற்றிடம் இராது. மறுநாள் நாணயத்தால் தட்டுங்கள், டொக் டொக் என்றால் உள்ளே பொள்ளல். பிளக் பாயிண்ட் ஓரம் பொள்ளலாக இருந்தால் ஒரு நாள் விரிசல் நிச்சயம், கரப்பானுக்கும் வீடு கிடைக்கும். 20 கிலோ பசைப் பை ஒன்று, 3 மி.மீ. கனத்தில் 45 முதல் 50 சதுர அடி வரும். பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டுவதென்றால் ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் டைப் 3 என்று போட்ட பசை வாங்குங்கள். பொள்ளலான பழசை முதலில் பெயர்த்துவிட வேண்டும்.

*

டைல்ஸுக்குப் பதில் கண்ணாடி போட நினைப்பவர்களுக்கு ஒன்று: டஃபன்ட் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு துளை போட முடியாது, நொறுங்கிவிடும். பிளக் பாயிண்ட் அளவை முதலிலேயே கொடுக்க வேண்டும். மார்பிள் வேண்டவே வேண்டாம், புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் மெருகு போகும்.

டைல்ஸுக்கு மேலே புகை படிந்த பழைய சுவரில் நேரே பெயிண்ட் அடித்தால் தோலாக உரியும். வாஷிங் சோடா கரைத்துக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டுத்தான் கழுவக்கூடிய எமல்ஷன். ஓதம் ஏறுகிற சுவரில் புட்டி பூசி மறைப்பது வீண், அடுத்த மழைக்கே உப்பு பூக்கும்.

கடைசியாக, மேடையும் சுவரும் சேருகிற கோடு. அங்கே க்ரௌட் நிற்காது, கல்லும் சுவரும் தனித்தனியே அசைவதால் கீறும். 3 மி.மீ. இடைவெளி விட்டு, பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் சிலிக்கான் போடுங்கள். இருபுறமும் டேப் ஒட்டி, இழுத்து, விரலால் ஒரே ஓட்டமாக வழித்து, தோல் கட்டுவதற்கு முன் டேப்பை உரிக்க வேண்டும். அன்று இரவு மேடையைக் கழுவக் கூடாது.