மொத்தம் ஏன் தப்பாக வருது? லூப் கற்ற, கற்றுக்கொடுத்த அனுபவங்கள்

கோத்தகிரி அக்கா:

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதப் பதினொன்றாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் மொழி, பன்னிரண்டில் பைத்தான் மொழி. சனிக்கிழமை மதியம் என்னிடம் வரும் பிள்ளைகள் அந்த மாற்றத்தில்தான் தடுமாறுகிறார்கள். லூப் என்றால் சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது; அதை நெளிவு அடைப்புக்குறி போட்டு மூடிப் பழகியவர்கள். பைத்தானில் வரியை உள்ளே தள்ளி எழுதினால்தான் அது லூப்புக்குச் சொந்தம் என்றால், ஏதோ அழகுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பெண்ணின் வீட்டில் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சாயங்காலம் ஏஜெண்ட் வண்டி வந்து பச்சை இலையை எடை போட்டு எடுத்துப்போகும். சரி, அந்தக் கணக்கையே போடு என்றேன். நாலு சாக்கு: 18, 22, 15, 20 கிலோ. ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து மொத்தத்தோடு கூட்ட வேண்டும், அவ்வளவுதான். எழுதி ஓட்டினாள். திரையில் 18, 22, 15, 20 என்று வந்தது; கடைசி விடை 20.

'மொத்தம் = 0' என்ற வரி லூப்புக்குள்ளே இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "என்னக்கா, கடைசிச் சாக்குக்கு மட்டும்தான் காசா?" என்று கேட்டாள்.

பென்சிலும் ரஃப் நோட்டும் கொடுத்தேன். ஒரு பக்கம் சாக்கின் எடை, இன்னொரு பக்கம் மொத்தம். கம்ப்யூட்டர் செய்வதை ஒவ்வொரு வரியாக நீயே செய்து எழுது என்றேன். முதல் சுற்றில் 18. இரண்டாவது சுற்றில் மொத்தம் மறுபடி பூஜ்யம், அப்புறம் 22. மூன்றாவது சுற்றுக்குப் போகுமுன்னே அந்த வரியை லூப்புக்கு மேலே கொண்டுபோய் வைத்துவிட்டாள். இப்போது 18, 40, 55, 75.

விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் வரியும் லூப்புக்கு உள்ளேயே இருந்ததால் நாலும் வரிசையாக வந்தன. கடைசி எண் மட்டும் போதுமே, அதை வெளியே எடு என்றேன். "வேண்டாம்க்கா, ஒவ்வொரு சாக்கு ஏற ஏற எவ்வளவு ஆச்சுன்னு அப்பாவுக்குத் தெரியணும்" என்றாள். அவள் சொன்னதே சரி. யாருக்கு எது வேண்டும் என்று தெரியாமல் பிரிண்ட் உள்ளேயா வெளியேயா என்று கேட்பதில் அர்த்தமில்லை. பரீட்சைத் தாளில் அப்படித்தான் கேட்கிறார்கள், அது வேறு கதை.

கொடைக்கானல் தம்பி:

எனக்கும் பென்சில் வைத்தியம்தான் கைகொடுத்தது, ஆனால் இடம் வேறு. என் தங்கச்சிக்கு ரேஞ்ச் சொல்லிக் கொடுத்தேன், அதாவது எந்த எண்ணிலிருந்து எதுவரை ஓட வேண்டும் என்று ஃபார் லூப்புக்குச் சொல்வது. கடைசி எண் கணக்கில் சேராது என்று சொன்னால் தலையாட்டுவாள், அடுத்த நிமிடமே மறந்துவிடுவாள். சி பிளஸ் பிளஸ்ஸில் 'சிறியது அல்லது சமம்' என்று போட்டுப் பழகிய கை.

கடைசியில் நம்ம ஊர்க் குறிஞ்சியை எடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, போன தடவை 2018. ரேஞ்ச்(1982, 2030, 12), அதாவது தொடக்கம், முடிவு, எத்தனை எத்தனையாகத் தாண்ட வேண்டும் என்று போட்டு ஓட்டச் சொன்னேன். 1982, 1994, 2006, 2018. நின்றுவிட்டது. "அண்ணே, 2030ல பூக்காதா?" என்று பதறிவிட்டாள். முடிவை 2031 என்று மாற்றியதும் 2030 வந்தது. அதற்கப்புறம் அந்த விதி அவளுக்கு மறக்கவே இல்லை.

கடைசி எண்ணை ஏன் விடுகிறார்கள் என்று மறுநாள் கேட்டாள். நல்ல கேள்வி. ரேஞ்ச்(12) என்றால் 0 முதல் 11 வரை, சரியாக 12 சுற்று. ரேஞ்ச்(0, 6), ரேஞ்ச்(6, 12) என்று இரண்டாகப் பிரித்தாலும் எந்த எண்ணும் இரண்டு தடவை வராது, எதுவும் விட்டும் போகாது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவள் காதிலேயே ஏறியிருக்காது என்பது என் எண்ணம்.

ஊட்டிக்காரர்:

நீங்கள் இரண்டு பேரும் ஃபாரிலேயே நிற்கிறீர்கள். நான் வைலில்தான் ஆரம்பிப்பேன், ஒரு நிபந்தனை சரியாக இருக்கும்வரை ஓடும் லூப் அது. எங்கே தொடங்குகிறது, எதுவரை ஓடும், ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகிறது, மூன்றையும் நாமே எழுதியாக வேண்டும். ஃபாரும் ரேஞ்சும் அதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்வதால் புதிதாகப் படிப்பவர் கண்ணில் எதுவும் படுவதில்லை.

என் அக்கா மகன் 1 முதல் 5 வரை காட்டும் வைல் லூப்பில், எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரியை விட்டுவிட்டான். 1, 1, 1 என்று திரை ஓடிக்கொண்டே இருந்தது, லேப்டாப் விசிறி இரைய ஆரம்பித்தது. உறைபனி விழுகிற ஜனவரி மாதம். "மாமா, கை காய நல்லா இருக்கு, கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்கிறான்! கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்தினோம். 'எண் எப்போது ஐந்தைத் தாண்டும்?' என்று மட்டும் கேட்டேன். திரையை மேலே தள்ளிப் பார்த்தான், எல்லாம் ஒன்று. விட்டுப்போன வரியை அவனே சேர்த்தான்.

கோத்தகிரி அக்கா:

வைலில் தொடங்குவது நியாயமாகத்தான் படுகிறது. அடுத்து வரும் பிள்ளைகளிடம் செய்து பார்க்கிறேன். ஆனால் கன்ட்ரோல் சியை முதல் பாடமாக வைத்துவிடுவேன், என்னிடம் இருப்பது பழைய லேப்டாப்.