புதுப்பிப்பு: மொட்டைமாடி முயல்களும் பருந்தும்

மாடியில் விடும் முயல்களுக்கு மேலே பருந்து வட்டமடிக்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. முயல்கள் நலம்.

பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் விலகிப் போன பருந்து, பிறகு கைப்பிடிச் சுவரிலேயே வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அந்த சிடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. சீக்கிரம் பழகிவிடுகிறது. மேலே வலை போட்ட பிறகுதான் நிம்மதி. வலையை நன்றாக இழுத்துக் கட்டுங்கள், தொய்வாக விட்டால் புறாவும் மைனாவும் சிக்கிக்கொள்ளும்.

பகலில் பருந்து என்றால் ராத்திரியில் மரநாய். தென்னை மட்டை வழியாக மாடிக்கு இறங்குகிறது. சாதாரண கோழிவலை முயலை உள்ளே நிறுத்தும், மரநாயின் பல்லைத் தாங்காது. அதனால் கூண்டுக்கு அரை அங்குலக் கட்டம் போட்ட வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடித்தோம். தரையில் கூண்டு வைத்திருப்பவர்கள் அந்தக் கம்பிவலையை ஓர் அடி ஆழம் மண்ணுக்குள்ளும் இறக்குங்கள், கீரி தோண்டிக்கொண்டு வரும்.

முக்கியமாக, உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மூடிய மரப்பெட்டி வேண்டும். யாரும் தொடாமலே, பயத்திலேயே முயல் செத்துப்போகலாம்.

விஷம் வைக்கச் சொன்னவருக்கு: தயவுசெய்து வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பருந்துக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும்.

கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் மழையில் துருப்பிடிக்கிறது. எவர்சில்வரில் நல்லதாக எங்கே கிடைக்கும்?